ஒரு பஸ் அளவு மழை

எங்கள் வேம்பரணியில், கண்மாய்க் கரையை ஒட்டித் தார் ரோடு திரும்புகிற ஒத்தப்பனை வளைவில், ஒரு பஸ் நீளத்துக்கும் ஒரு பஸ் அகலத்துக்கும் மழை பெய்துகொண்டிருக்கிறது. சித்திரையிலும் பெய்கிறது, அக்கினி நட்சத்திரத்திலும் பெய்கிறது, மேலே பொட்டு மேகம்கூட இல்லாமல் வானம் வெறிச்சென்று கிடக்கும்போதும் பெய்கிறது, கையை நீட்டினால் கை நனையும், கையை இழுத்துக்கொண்டால் வெயில் சுடும். ஆச்சரியப்படுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். எங்களுக்கு அது பழகி நாளாயிற்று. மழை ஏன் பெய்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள், நான் அந்த வளைவில் பஞ்சர் ஒட்டுகிறவன், பெயர் இருளப்பன், எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மழைக்குள்ளிருந்து நாகஜோதி மதினி ஒன்பது பேரை எப்படி இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தாள் என்பதுதான், அதைச் சொல்கிறேன், சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் திட்டுவேன்.

மதினி எங்கள் ஊர்க் கிளைத் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஒரே அறை, ஒரே மேசை, ஒரே நாற்காலி, அதற்கு அவள்தான் அதிகாரி, அவள்தான் முத்திரை குத்துகிறவள், அவள்தான் கூட்டிப் பெருக்குகிறவள். தபால் வராத நேரத்தில், அதாவது அநேகமாக எல்லா நேரத்திலும், நாடகம் எழுதுவாள். பங்குனிப் பொங்கலின் மூன்றாம் நாள் எங்கள் ஊரில் சமூக நாடகம் போடுவது வழக்கம், ஊர்க்காரர்களே நடிப்போம், நோட்டீசில் பெயருக்கு முன்னால் ‘நடிப்புச் சூறாவளி’ என்று நாங்களே பட்டம் போட்டுக்கொள்வோம், எனக்கு வருஷா வருஷம் அதிகாரி வேஷம், ஏனென்றால் தொப்பையும் ஒரு ஜோடி ஷூவும் சேர்ந்து இருந்தது என் ஒருத்தனிடம்தான். மதினியின் புருஷன் கருமலை அண்ணன் டிராக்டர் ஓட்டுகிறவர். அவள் எழுத எழுத முதலில் படிக்கிற ஆள் அவர்தான், படித்து முடித்ததும் அவர் கேட்கிற கேள்வியும் ஒன்றேதான்: “சோதி, கடைசி சீன் எங்க?” மதினி எந்த நாடகத்துக்கும் கடைசி சீனைத் திருவிழாவுக்கு நாலு நாள் முன்புவரை எழுத மாட்டாள், கேட்டால் சிரிப்பாள்.

அந்த வருஷம் அவள் எழுதியது இந்த வளைவைப் பற்றி. வளைவின் ஒரு பக்கம் பனை, மறு பக்கம் இரண்டு ஆள் ஆழத்துக்குக் கண்மாய், நடுவில் தடுப்புச் சுவர் கிடையாது. சுவர் வேண்டும் என்று மூன்று மனு எழுதியவளும் மதினிதான், அதற்கு முத்திரை குத்தி அனுப்பியவளும் மதினிதான், பதில் வருகிறதா என்று தினமும் பையைக் கவிழ்த்துப் பார்த்தவளும் மதினிதான். வரவில்லை. சரி, நாடகத்துக்குத் தலைமை தாங்க வருகிற அதிகாரியை முன்வரிசையில் உட்கார வைத்து அவர் கண் முன்னாலேயே ஒரு பஸ்ஸைக் கவிழ்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். நாலு நாற்பது வண்டி டவுனிலிருந்து வருகிறது, மழை பிடிக்கிறது, வளைவில் சறுக்குகிறது, ஒன்பது பேர் சாகிறார்கள். தகரத்தையும் சைக்கிள் ரிம்மையும் வைத்து பஸ் கவிழ்கிற சத்தம் எப்படி வரவைப்பது என்று என் கடையில் உட்கார்ந்து ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம், சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் பார்த்தோம். நோட்டில் அவள் கடைசியாக எழுதி நிறுத்தியிருந்த வரி, ‘மழை விடாமல் பெய்கிறது.’

நோட்டை ஜெராக்ஸ் எடுக்கக் கருமலை அண்ணன் டவுனுக்குப் புறப்பட்டார், நடிகர்கள் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பிரதி. பஸ் ஏறும்போது திரும்பி வழக்கமான கேள்வியைக் கேட்டார், நானும் பக்கத்தில் நின்றேன். “சோதி, கடைசி சீன் எங்க? அத்தனை பேரையும் கொன்னுட்டு அப்படியே விட்டுட்டா ஊரு சோறு திங்குமா?”

“மொதல்ல ஜெராக்ஸ எடுத்துட்டு வாங்க,” என்றாள் மதினி. “வந்து கேளுங்க, சொல்றேன்.”

மூன்று வருஷமாக ஒரு சொட்டு காணாத ஊரில் அன்றைக்குச் சாயங்காலம் கோடை மழை இறங்கியது, எல்லாரும் வாசலில் நின்று கையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தோம், அந்தச் சிரிப்பு அடங்குமுன் நாலு நாற்பது வண்டி ஒத்தப்பனை வளைவில் சறுக்கிக் கண்மாய்க்குள் போனது. முதலில் ஓடியவன் நான். டிரைவர், கண்டக்டர், டவுனில் கண் ஆபரேஷன் செய்து பச்சைத் துணி கட்டிக்கொண்டு திரும்பிய சோணைமுத்து, அவருக்குத் துணைக்குப் போன அவர் சம்சாரம், கருவாட்டுக் கூடை மரியபுஷ்பம், ஒரு மாட்டுத் தரகர், நர்சிங் படிக்கிற சுகப்ரியா, யார் எவர் என்று கடைசிவரை தெரியாத ஒரு வெளியூர்க்காரர், கருமலை அண்ணன். ஒன்பது பேர். ஒன்பது பேரையும் தூக்கியதில் என் கையும் இருந்தது, அந்தக் கனம் இன்னும் கையை விட்டுப் போகவில்லை.

அதோடு விட்டிருக்கலாம் விதி. விடவில்லை. கண்மாய்க்குள் இருந்த கருவேலஞ்செடிகள் முழுக்கக் காகிதம் ஒட்டிக் கிடந்தது, அண்ணன் மடியில் வைத்திருந்த கட்டு பிரிந்து பறந்த ஜெராக்ஸ் தாள்கள். ஒன்றை எடுத்தேன். நாலு நாற்பது வண்டி, மழை, வளைவு, ஒன்பது பேர் என்று மதினியின் கையெழுத்தில் இருந்தது. பைத்தியக்காரன் மாதிரி அதை ஊர் முன்னால் வாய்விட்டுப் படித்தவன் நான்தான், என் வாய்தான் அது, அதற்கு எந்தச் சமாதானமும் நான் சொல்லப்போவதில்லை. ஆளுக்கொரு செடியிலிருந்து ஆளுக்கொரு தாளைப் பிய்த்துப் படித்தார்கள், எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள், பொழுது சாய்வதற்குள் முடிவாகிவிட்டது: நாகஜோதிக்குக் கருநாக்கு, அவள் எழுதினாள், நடந்துவிட்டது.

சுகப்ரியாவின் அம்மா ஆதிலட்சுமி மதினி வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். “எம் மகளையும் எழுதுனியே, அவ உனக்கு என்ன செஞ்சா” என்று கேட்டாள். தாலியறுத்து இரண்டு நாள் ஆகாத மதினி தலையில் விழுந்த மண்ணைத் தட்டக்கூட இல்லை. அதற்குப் பிறகு ஊரில் யாரும் தங்கள் பெயரை அவளை எழுத விடவில்லை. மணியார்டர் பாரம் நிரப்ப அவளிடம் நீட்டுகிறவர்கள் இப்போது டவுன் வரைக்கும் போய் யாரோ ஒருத்தரிடம் நிரப்பிக்கொண்டு வந்து, “முத்திரை மட்டும் குத்துத்தா, பேனாவ எடுக்காத” என்றார்கள். விழாக் கமிட்டி கூடியது. நாகஜோதி இனி நாடகம் எழுதக் கூடாது, அண்ணனின் பையிலிருந்து மீட்ட நோட்டை எரித்துவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார் தலைவர் முத்திருளாண்டி. நானும் கமிட்டி உறுப்பினன், நானும் கையெழுத்துப் போட்டேன். மதினி தீர்மானத்தை வாங்கிப் படித்துவிட்டுத் தபால் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டாள், நோட்டை எரிக்கவும் இல்லை, மேற்கொண்டு ஒரு வரி எழுதவும் இல்லை.

மழைதான் நிற்கவில்லை. ஊரெங்கும் ஓய்ந்த மழை வளைவில் மட்டும், பஸ் சறுக்கிய இடத்தில் மட்டும், அன்றைக்குப் பெய்த அதே சாய்வில் பெய்துகொண்டே இருந்தது. முதல் பதினாறு நாள் யாரும் கிட்டப் போகவில்லை. கருமாதி முடிந்து பதினேழாம் நாள் காலை ஒரு காக்கா அதற்குள் போய்க் குளித்துவிட்டு வந்து என் கடைக் கூரையில் உட்கார்ந்து சிறகை உதறியது, அதற்குப் பிறகு இரண்டு ஆடு போய்த் தண்ணீர் குடித்தது, ஆடு சாகிறதா என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்தோம், சாகவில்லை, மறுநாள் யாரோ ஒரு குடத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள், யார் வைத்தது என்று இன்றுவரை ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் எழுபது குடம் வரிசையில் நின்றது. குடத்துக்குக் காவல் இருக்க முடியாதவர்கள் தங்கள் இடத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டுப் போனார்கள், எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருந்ததால் சண்டை வந்தது, ஆகவே கல்லில் பெயிண்ட் அடித்தார்கள், பச்சைக் கல் கீழத்தெரு, மஞ்சள் கல் மேலத்தெரு, கல்யாண வீட்டுக்குச் சிவப்புக் கல், சிவப்புக் கல் வந்தால் எல்லாரும் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது.

வானிலை பார்க்கிறவர்கள் வந்தார்கள், ஒரு புனலையும் குப்பியையும் வைத்து அளந்தார்கள், இந்த மழையை எழுத எங்கள் பதிவேட்டில் கட்டம் இல்லை என்று சொல்லிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். பஸ் டிரைவர்கள் வளைவு வந்ததும் வைப்பரைப் போட்டு, தாண்டியதும் அணைக்கப் பழகிக்கொண்டார்கள். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்த ஒருத்தர், மழைக்குக் காத்திருக்கும் தாய்மார்கள் நனையாமல் இருக்க மழைக்கு மேலே கூரை போட்டுத் தருவதாக வாக்குறுதி கொடுத்தார், அதற்கும் கைதட்டினோம். வழிந்த தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கண்மாய்க்குத் திருப்பினோம், ஐப்பசியில் முழங்கால் அளவு நின்றது, தை மாதம் பன்னிரண்டு ஏக்கரில் நெல் அறுத்தோம். சோறு வாய்க்குள் போகும்போது யாருக்கும் எதுவும் ஞாபகம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன், ஞாபகம் வந்தது, ஆனாலும் சாப்பிட்டோம்.

இதற்குள் யாரோ கணக்காகக் கண்டுபிடித்துவிட்டார்கள், நோட்டின் கடைசி வரி ‘மழை விடாமல் பெய்கிறது’ என்று. அவ்வளவுதான், கருநாக்குக்காரி ஒரே வாரத்தில் தாயி ஆகிவிட்டாள். முத்திருளாண்டி ஒரு பை கத்திரிக்காயுடன் தபால் நிலையத்துக்கு வந்து, “அடுத்த வரிய மட்டும் எழுதிராத தாயி” என்றார். எழுதாதே என்று அதட்டியவர் எழுதாதே என்று கெஞ்சினார், வித்தியாசம் கத்திரிக்காய் மட்டும்தான். மேலக்காட்டுக்காரர்கள் தனியாக வந்து, எங்க பக்கமும் மழை பெய்யிற மாதிரி ஒரே ஒரு வரி எழுதித் தரக் கூடாதா என்று கேட்டார்கள். “அதுக்கு எத்தனை பேரு சாகணும்னு நீங்களே சொல்லுங்க, எழுதித் தர்றேன்” என்றாள் மதினி. வந்தவர்கள் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு கூசுகிறது. ஒன்பது பேர் செத்த பிறகு ஒருவழியாகச் சுவர் கட்ட ஆள் வந்தது, டேப்பை நீட்டி அளந்தார்கள், அஸ்திவாரம் தோண்டினால் எங்கள் வாய்க்கால் அடைபடும் என்று தெரிந்தது, வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம். ஊர் சார்பில் போய்ப் பேசியவன் நான், அதிகாரி வேஷம் கட்டிக் கட்டி அதிகாரிகளிடம் பேச எனக்கு நன்றாக வரும். மதினி தபால் நிலைய வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாசி முடிகிற சமயம், நாள் முழுக்க நனைந்து வழுக்கிக் கிடந்த அந்த வளைவில் ஸ்கூல் வேன் ஒன்று சறுக்கியது. பனைமரத்தில் முட்டி நின்றது, பின்சக்கரம் ஒன்று கண்மாய்ப் பக்கம் காற்றில் சுற்றியது, உள்ளே பதினாலு பிள்ளைகள். நானும் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களும் கையைக் கோத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாக இறக்கினோம், ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. கடைசிப் பிள்ளையும் இறங்கி மூச்சு விட்டபின் எங்கள் ஊர் என்ன செய்தது தெரியுமா, வேன் மோதி நசுங்கின குடங்களுக்கு யார் பொறுப்பு என்று சண்டை போட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த மதினி அந்தச் சண்டையை முழுசாக நின்று கேட்டாள். பிறகு நேராக என் கடைக்குள் வந்து டயர் மேல் உட்கார்ந்தாள்.

“கொழுந்தனாரே, ஒரு வருசமா நான் ஏன் எழுதலன்னு நெனைக்கிறீக? ஊருக்குப் பயந்தா?”

“இல்லையா மதினி?”

“ஊருக்கு நான் எப்பப் பயந்தேன். எனக்குத்தான் பயந்தேன். மழை நின்னுச்சுன்னு நான் எழுதி, நெசமாவே நின்னு போச்சுன்னா, அப்ப நான் எழுதித்தான் அவுக செத்தாகன்னு ஆயிரும்ல. அதத் தெரிஞ்சுக்கிட்டு அந்த வீட்டுல நான் எப்படிப் படுத்து எந்திரிப்பேன்?”

தண்ணீர்த் தொட்டியில் முக்கிய டியூபை அழுத்திப் பிடித்துக்கொண்டு குமிழியையே பார்த்தேன்.

“இன்னிக்கு அந்தப் புள்ளைக எறங்குனதும் ஒருத்தி ‘என் டிபன் பாக்ஸ் எங்க’ன்னு கேட்டா, கவனிச்சீகளா? சாவுல இருந்து எறங்கி வந்து டிபன் பாக்ஸக் கேக்கா. ஒன்பது பேருக்கும் அப்படி ஒரு வார்த்தை இருந்திருக்கும், பேச விடாமப் போயிருச்சு. எங்க வீட்டுக்காரரு கடைசி சீன் கேட்டாக, வந்து கேளுங்கன்னு சொல்லி அனுப்புனேன், சொல்லணும்ல. நான் கொலகாரின்னு ஆனாலும் ஆயிட்டுப் போறேன். எழுதத்தான் போறேன்.”

எழுதினாள். தபால் மேசையில் உட்கார்ந்து, வாசல் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க எழுதினாள். எழுதி முடித்ததும் அவள் முதலில் போனது தன்மேல் மண் தூற்றியவள் வீட்டுக்கு. நானும் கூடப் போனேன், அடி விழுந்தால் வாங்கிக்கொள்ள. ஆதிலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் உரித்தாள். மதினி நின்றபடியே படித்தாள்: சுகப்ரியா பஸ்ஸை விட்டு இறங்குகிறாள், பையைத் தோளில் மாட்டுகிறாள், ‘இன்னிக்கும் கத்திரிக்காயாம்மா’ என்று சலித்துக்கொண்டே வீட்டைப் பார்த்து நடக்கிறாள்.

ஆதிலட்சுமி உரிப்பதை நிறுத்தினாள்.

“கத்திரிக்காய் இல்ல,” என்றாள் பிறகு. “அன்னிக்கு மீன் கொழம்பு வச்சிருந்தேன். அவளுக்குப் பிடிக்கும்னு. அப்படியே ஊத்திட்டேன். மாத்தி எழுது.”

மதினி அங்கேயே தரையில் உட்கார்ந்து மாற்றி எழுதினாள், இரண்டு பேரும் அழுதார்கள், நானும் அழுதேன், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு தபால் நிலையத்துக்கு ஆள் வரத் தொடங்கியது, பாரம் நிரப்ப அல்ல, வசனம் திருத்த. சோணைமுத்து மகன் வந்து, எங்கப்பா எறங்குனா மொதல்ல வீட்டுக்குப் போக மாட்டாரு, தொழுவத்துக்குத்தான் போவாரு என்று சொன்னான். மரியபுஷ்பத்தின் புருஷன் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்து, அவ யாரையும் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டா, எல்லாரும் அவளுக்கு ராசாதான் என்று சொல்லிவிட்டுப் போனான். இறந்த கண்டக்டரின் தம்பி வந்து, விசில் என்கிட்டத்தான் இருக்கு என்று எடுத்துக் காட்டினான். தங்கள் பெயரை அவள் எழுதக் கூடாது என்று யார் சொன்னார்களோ அவர்களே தங்கள் செத்தவர்களை அவளிடம் எழுதக் கொடுத்தார்கள்.

கமிட்டிக்கு விஷயம் எட்டியது. ஆறு பேரும் வந்தோம், ஆம், நானும்தான் வந்தேன், ஆனால் இந்த முறை வாசலுக்கு உள்பக்கமாக, மேசைக்கு அந்தப் பக்கம் மதினியின் அருகில் போய் நின்றுகொண்டேன். முத்திருளாண்டி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கையை நீட்டினார்.

“தாயி, நோட்டைக் குடுத்துரு. சாமி வாகனம் இருக்கிற அறையில வச்சுப் பூட்டிர்றோம். தெனமும் சூடம் காட்டுறோம்.”

“போன வருசம் இதே நோட்டை எரிக்கச் சொன்னீக மாமா.”

“அப்பத் தெரியல. ஊருக்கே தண்ணி குடுக்கிற நோட்டு தாயி. நீ மழை நின்னுச்சுன்னு எழுதியிருக்கியாம். அத மேடையில சொன்னேன்னா எங்க பயிரு என்னாகும்? எங்க புள்ளைக குடிக்க எங்க போகும்?”

மதினி முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“கேட்டுக்கங்க. சுவரு இல்லாத வளைவுல மழை பெஞ்சா பஸ்ஸு விழும்னு எழுதக் கருநாக்கு வேண்டாம் மாமா, கண்ணு இருந்தாப் போதும். மூணு மனுவுலயும் இதத்தான எழுதுனேன், அப்ப ஒருத்தரும் என்னையத் தாயின்னு சொல்லல. நான் எழுதுன வாரமும் அவுக செத்த வாரமும் ஒண்ணா வந்து சேந்துருச்சு. ஏன் சேந்துச்சு? தெரியாது. அதுல ஒரு அர்த்தமும் இல்ல. நீங்க பயத்துல ஒரு அர்த்தம் சொன்னீக, பெறகு தாகத்துல ஒரு அர்த்தம் சொன்னீக, ரெண்டும் எனக்கு வேண்டாம். இல்லாத அர்த்தத்த நான் உக்காந்து எழுதிக்கிறேன். மழை நிக்கட்டும், நிக்காமப் போகட்டும், என் புருசன் கேட்ட சீன நான் போட்டே தீருவேன்.”

“நடிக்க ஆளு வராது,” என்றார் முத்திருளாண்டி.

“நான் வர்றேன்,” என்றது வாசலில் ஒரு குரல். இடுப்பில் குடத்துடன் ஆதிலட்சுமி நின்றாள். “எம் மக பேச வேண்டியத நான் இன்னும் கேக்கல மாமா. தண்ணி இல்லாட்டி நான் குடிக்காம இருந்துக்கிறேன். வழிய விடுங்க.”

பெற்றவள் சொன்ன பிறகு கமிட்டி என்ன செய்யும், கலைந்து போனது.

வருஷம் திரும்பிய அன்றைக்கு, சாயங்காலம் நாலரை மணிக்கு, வளைவில் ஊர் மொத்தமும் கூடிவிட்டது. பாதிப் பேர் நாடகம் பார்க்க, மீதிப் பேர் மழை நிற்பதற்குள் கடைசியாகப் பிடித்துக்கொள்ள அண்டா குண்டா எல்லாம் எடுத்துக்கொண்டு. மேடை கிடையாது, திரை கிடையாது. மழைதான் பஸ். பள்ளிக்கூட பெஞ்சுகளை நடுவில் வழிவிட்டு இரண்டு வரிசையாக மழைக்குள் போட்டிருந்தோம், ஒன்பது பேர் உள்ளே போய் உட்கார்ந்தோம், செத்தவர்களின் ஆட்கள் செத்தவர்களின் இடத்தில். வெளியூர்க்காரருக்கு ஆள் இல்லாததால் வேன் டிரைவர் உட்கார்ந்தான். கருமலை அண்ணனாக நான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஷூ இல்லாமல், தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, மடியில் பாலிதீனில் சுற்றிய காகிதக் கட்டுடன் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருத்தர் காலடியிலும் வரிசைக்கு வைக்கிற கல் ஒன்று இருந்தது, அது மதினியின் ஏற்பாடு. நிஜமான நாலு நாற்பது வண்டியும் அந்த நேரத்துக்குச் சரியாக வந்தது, டிரைவர் கூட்டத்தைப் பார்த்து எஞ்சினை அணைத்துவிட்டுப் பயணிகளோடு இறங்கி வந்து நின்றுகொண்டார்.

மதினி மழைக்கு வெளியே வெயிலில் நோட்டுடன் நின்றாள். கண்டக்டரின் தம்பி அண்ணனின் விசிலை ஊதினான். ஊதிவிட்டு எழுதியிருந்ததைச் சொன்னான்: “மழை விட்டுருச்சு. எல்லாரும் எறங்குங்க.”

ஊர் மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. குடத்தைப் பிடித்தவர்கள் குடத்தைப் பிடித்தபடி, சாமி கும்பிட்டவர்கள் கும்பிட்ட கையோடு, முத்திருளாண்டி வாயைத் திறந்தபடி. மதினி ஒருத்திதான் மேலே பார்க்கவில்லை, அவள் கண் பஸ் வாசலிலேயே இருந்தது. மழைக்குள் இருந்த எங்களுக்குத் தெரிந்தது, சட்டைக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருந்தது. முதலில் சோணைமுத்துவும் அவர் சம்சாரமும் இறங்கினார்கள், மழையை விட்டு வெயிலுக்குள் கால் வைத்தார்கள், கல்லைக் கண்மாய் விளிம்பில் வைத்தார்கள், “மாடு கத்துதுடி” என்று சொல்லிக்கொண்டு நடந்தார்கள். மரியபுஷ்பம் “வழி விடு ராசா” என்று கூடையோடு இறங்கினாள். தரகர் இறங்கினார், டிரைவர் இறங்கினார், கண்டக்டரும் படியிலிருந்து இறங்கிக் கல்லை வைத்துவிட்டு ஓரமாக நின்று மற்றவர்களுக்குக் கை கொடுத்தான்.

அப்போதுதான் கூட்டத்தில் யாரோ கத்தினார்கள், “நிக்கல! மழை நிக்கலடோய்!” ஒரே ஆரவாரம், அழுகை, அண்டாக்கள் உருண்டன. முத்திருளாண்டி தடுமாறிக்கொண்டே மதினியிடம் வந்தார், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. “நிக்கல தாயி. நீ எழுதியும் நிக்கல. அப்ப உன்னால இல்லத்தா. ஒரு வருசமா உன்னைய... உன்னால இல்லத்தா.”

மதினியின் உடம்பு ஒரு தரம் குலுங்கியது, அதை நான் பார்த்தேன். ஒரு வருஷமாக அவள் சுமந்தது இறங்கிய குலுக்கம் அது. ஆனால் குரல் ஆடவில்லை.

“மழைகிட்டச் சாட்சி கேட்டு நான் இத எழுதல மாமா,” என்றாள். “இன்னும் மூணு பேரு எறங்கணும். வழிய மறிக்காதீக.”

அவர் ஒதுங்கினார். வெளியூர்க்காரர் இறங்கினார், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார், “வேம்பரணி இதுதானா?” என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல மதினி யாருக்கும் வசனம் எழுதவில்லை, அதைப் பிறகு நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், அந்த இடத்தில் ஒரு வரி வெறுமையாக விட்டிருந்தாள். ஒரு நிமிஷம் ஒருத்தரும் பேசவில்லை. பிறகு, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த முத்திருளாண்டியேதான் சொன்னார், “இதுதான்யா. வாங்க. எங்க வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம்.” வெளியூர்க்காரரின் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் கல்லை வைக்க வைத்தார்.

ஆதிலட்சுமி எழுந்தாள். நனைந்த சேலையின் மேல் மகளின் காலேஜ் பையைத் தோளில் மாட்டினாள், மழையை விட்டு வெளியே வந்தாள், மூக்கை உறிஞ்சினாள், பத்தொன்பது வயசுக் குரலில் சொன்னாள்: “அம்மோவ், மீன் கொழம்பு வாசம் வளைவு வரைக்கும் வருது.” சொல்லிவிட்டுக் கல்லை வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டைப் பார்த்துப் போனாள், திரும்பிப் பார்க்கவே இல்லை.

இன்றைக்கு அந்த வளைவில் இடுப்பு உயரத்துக்குச் சுவர் நிற்கிறது, பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக, வரிசைக்கு வைத்த கற்களையெல்லாம் கொட்டி நாங்களே கட்டியது, சுவருக்கு அடியில் ஒரு குழாய் பதித்தால் தண்ணீர் போகும் என்பது அதுவரை எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்தச் சுவருக்கு அடியில் முதல் வரிசையில் இருப்பது அன்றைக்கு வைத்த ஒன்பது கல். அன்றைக்கு அந்த ஒன்பதாவது கல் என் கையில் இருந்தது.

நான் எழுந்தேன். எனக்கு முன்னால் எட்டுப் பேரின் ஈரக் காலடித் தடங்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மழையை விட்டு இறங்கி நின்றேன், கக்கத்தில் இருந்த காகிதக் கட்டு நனையவில்லை. மதினி நோட்டை மூடியிருந்தாள், கண்ணீர் தாடையில் வழிய என்னைப் பார்த்துச் சிரித்தாள், என்னையா பார்த்தாள், எனக்குத் தெரியும் யாரைப் பார்த்தாள் என்று. எனக்கு அவள் எழுதியிருந்தது ஒரே ஒரு வசனம்.

“சோதி, கடைசி சீன் எங்க?”

“இதுதாங்க,” என்றாள். “கல்லை வச்சுட்டு வாங்க, வீட்டுக்குப் போவோம்.”